ஒட்டாமல் இருக்கப் போட்ட பவுடர்

அன்றைக்கு அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். என் நைனா. மில்லில் சம்பளக் கணக்கு எழுதிய கிளார்க். கம்ப்யூட்டர் சென்டர் ஓனர். அங்கே பாடம் நடத்திய பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். அப்புறம் நான். அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் ஒருமுறை மாடியேறி வந்து கதவருகே நின்று பார்த்துவிட்டு இறங்கிப்போனான்; அவனைக் கணக்கில் சேர்க்கவில்லை. இவ்வளவு சரியாக ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு மில் ஆட்கள் பலர் தாங்களும் அன்று திருப்பதியில் அந்த அறையில் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். இல்லை. ஐந்து பேர்தான். அந்த ஐந்து பேரில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சித்தூரில் என் வீட்டுக்காரர் டேப்ரிகார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராகப் போனவர், கடைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மோட்டார், சர்க்யூட் எல்லாம் எனக்கு வராது. ரப்பர் ரோலர் மட்டும் வரும். கேசட்டை இழுத்து ஓட்டுகிற சின்ன உருளை அது. தேய்ந்துபோனால் பாட்டு இழுக்கும், டேப் சிக்கிக்கொள்ளும். தேய்ந்த ரப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டு, மொபெட்டுக்குப் போடுகிற பெட்ரோல் டியூபில் ஒரு துண்டு வெட்டி, இரும்பு அச்சின்மேல் ஏற்றி, உப்புத்தாளில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவேன். ஊரில் மற்ற ரிப்பேர் கடைக்காரர்களும் என்னிடம்தான் அனுப்புவார்கள். ஒரு உருளைக்கு எட்டு ரூபாய்.

கையில் தொழில் இருந்ததே தவிர மனதில் நிம்மதி கிடையாது. கடையின் ஷட்டரைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பாதி வழி போய்த் திரும்பி வந்து நாலாவது தடவை இழுப்பேன். குவைத்திலிருந்து போன் வராத வெள்ளிக்கிழமைகளில் சோறு இறங்காது. போன் வந்தாலும், எதையோ மறைத்துப் பேசுகிறார் என்று தோன்றும். நைனா சிரிப்பார். "நீ பயப்படறதுல பாதி நடந்திருந்தா இந்நேரத்துக்கு ஊரே இருக்காது" என்பார்.

நைனா சித்தூருக்கு வெளியே இருந்த ஒரு நூல் மில்லில் பத்தொன்பது வருஷம் வேலை செய்தார். புளோரூம், அதாவது பஞ்சுப் பொதியை உடைத்து மிஷினில் போடுகிற இடம். தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமங்களிலிருந்து நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள் பலர் அந்த மில்லுக்குத்தான் வந்தார்கள். பஞ்சுத் தூசி அவருடைய புருவத்தில் நிற்கும், காதுமடலில் நிற்கும், நெஞ்சுக்குள்ளும் போய் நின்றுவிட்டது. ஒருநாள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வெளியிலிருந்து நூல் மலிவாக வருகிறது, பவர்லூம்காரர்கள் இங்கே வாங்குவதில்லை, இனி கட்டுப்படியாகாது என்று. கொஞ்ச நாளில் சங்கு ஊதுவதும் நின்றது.

செட்டில்மென்ட் கொடுக்க வேண்டும் என்று கோர்ட் ஓர் அதிகாரியைப் போட்டது. அவர் ஐதராபாத்தில் இருந்தார். யார் எத்தனை வருஷம் வேலை செய்தார்கள் என்பதற்கு மில்லின் சொந்தக் கணக்கிலிருந்தே பட்டியல் வேண்டும், வாயால் சொல்வது செல்லாது என்று சொல்லிவிட்டார். ரிஜிஸ்டர்களை எல்லாம் முதலாளியின் ஆட்கள் லாரியில் ஏற்றி மெட்ராஸுக்குக் கொண்டுபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கேட்டால் வெள்ளத்தில் நனைந்துபோனது என்றார்கள். மிஞ்சியது ஒன்றே ஒன்று. மில்லில் கம்ப்யூட்டர் இருந்த காலத்தில் பழைய ரிஜிஸ்டர்களை எல்லாம் அதில் ஏற்றி, ஒரு டேப்பில் பதிந்து வைத்திருந்தார்கள். அந்த டேப் கிளார்க்கின் வீட்டு பீரோவில், அவர் சம்சாரத்தின் பழைய புடவைத் துண்டில் சுற்றி இருந்தது. புத்தகம் அளவுக்குக் கெட்டியான கேட்ரிட்ஜ். அடியில் அலுமினியத் தகடு, மேலே உள்ளே தெரிகிற பிளாஸ்டிக். அதற்குள்தான் நைனாவின் பத்தொன்பது வருஷம் இருந்தது. பட்டியலைக் கொடுக்கக் கடைசி நாள் திங்கட்கிழமை.

அந்தக் கேட்ரிட்ஜை எடுத்துக்கொள்ளும் மிஷின் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இருப்பதாகக் கிளார்க் கண்டுபிடித்தார். புதன்கிழமை நைனா, கிளார்க், நான் மூன்று பேரும் போனோம். அமெரிக்கா போகிற கோர்ஸ் என்று அந்த வருஷம் தெருவுக்குத் தெரு போர்டு தொங்கியது. மாடி முழுக்கப் புது மிஷின்கள் வரப்போகின்றன, பழசை எல்லாம் செவ்வாய்க்கிழமை எடைக்குப் போடுகிறேன், அதற்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் ஓனர். பாடம் நடத்துகிற பெண்தான் அந்தப் பழைய மிஷினை ஓட்டத் தெரிந்தவள். அவளுக்கும் விசா வந்துவிட்டது. அடுத்த வாரம் விமானம்.

அவள் டேப் டிரைவின் மூடியைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே, கேட்ரிட்ஜை ஓட்ட வேண்டிய ரப்பர் உருளை வெயிலில் வைத்த வெல்லம்போல இளகிப்போயிருந்தது. விரலை வைத்தேன். எடுக்கும்போது கறுப்பு நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. எத்தனையோ ரப்பர் பார்த்திருக்கிறேன். தேய்ந்தது, வெடித்தது, கல்லாகிப்போனது. உருகியதைப் பார்த்ததில்லை. அந்த விரலைப் புடவையில் துடைத்தும் போகவில்லை, சோப்புப் போட்டும் போகவில்லை. ரயிலில் திரும்பும்போது வழியெல்லாம் கட்டைவிரலால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். இந்தக் கோந்து டேப்பில் பட்டால் மில்லின் அத்தனை பேரும் அதோடு போவார்கள் என்பது மட்டுமே மனதில் ஓடியது.

எம்பொண்ணு செய்வா என்று அங்கேயே சொன்னது நைனாதான். ஓனர் அதற்குச் சிரித்தார். டேப்ரிகார்டருக்கு ரப்பர் போடுகிற அம்மா கம்ப்யூட்டருக்கும் போடுவாங்களா, அடுத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆள் வரும் பாருங்க என்றார். நைனா கோபப்படவில்லை. வரட்டும், எட்டு ரூபாதான் வாங்குவா என்றார்.

அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் உருளையைக் கழற்றிக் கொடுத்து, என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: "மந்தம் மாறவே கூடாது அக்கா. வெண்ட்ருக அளவு ஜாஸ்தியானாலும் படிக்காது." மந்தம் என்றால் கனம், வெண்ட்ருக என்றால் மயிரிழை. அதைத் தெலுங்கில் சொன்னதாலோ என்னவோ எனக்கு அது இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வேறு வேலை தொடவில்லை. பழைய கோந்தைத் தீக்குச்சியாலும் ஸ்பிரிட்டாலும் சுரண்டி எடுத்தேன். கெடாமல் ஓர் ஓரத்தில் மிஞ்சியிருந்த ரப்பரை வைத்து லேத் பட்டறைக்காரர் அளவெடுத்துக் கொடுத்தார். புது டியூப் அச்சின்மேல் ஏறவே மாட்டேன் என்றது. அவ்வளவு இறுக்கம். சைக்கிள் கடைக்காரர்கள் டியூபை டயருக்குள் விடுமுன் வெள்ளைப் பவுடர் தடவுவார்கள் இல்லையா, அதேதான் நானும் செய்வது. குழந்தைக்குப் போடுகிற பவுடரை உள்ளே தூவினால் வழுக்கிக்கொண்டு ஏறிவிடும். ஏறியபின் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுவேன். கேசட் உருளைகளை எல்லாம் அப்படித்தான் வருஷக்கணக்காகச் செய்தேன். ஒரு புகார் வந்ததில்லை.

இந்த உருளையை மட்டும் துடைக்கவில்லை.

மறந்துவிட்டு அல்ல. ஸ்பிரிட் பட்டால் ரப்பர் கொஞ்சம் ஊதும், பிறகு சுருங்கும். கேசட்டுக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஆனால் இதில் மயிரிழை கூடக்கூடாதே. பஞ்சைக் கையில் எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். கடைசியில் உலர்ந்த துணியால் மேலே மட்டும் ஒற்றி எடுத்தேன். அதோடு விட்டிருந்தாலாவது தேவலை. சித்தூரிலிருந்து திருப்பதி வரை வெயிலில் போக வேண்டும். இதுவும் இளகிவிட்டால்? பையில் எதனோடாவது ஒட்டிக்கொண்டால்? சைக்கிள் கடையில் புது டியூப்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பவுடரில்தான் கிடக்கும். நானும் ஒரு பவுடர் டப்பாவின் மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்து, உருளையை உள்ளே புதைத்து மூடினேன். அதைச் செய்தபிறகுதான் அந்த வாரத்திலேயே முதல்தடவையாக எனக்கு நெஞ்சு லேசானது. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் போனோம். சென்டருக்கு லீவு. கீழே தெருவில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசிய ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். மேலே ஒரே ஒரு டியூப்லைட்டைப் போட்டிருந்தார் ஓனர். உருளையை டப்பாவிலிருந்து எடுத்துத் துணியால் துடைத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் அதை முகர்ந்து பார்த்து, குழந்தை வாசனை அடிக்கிறது அக்கா என்று சிரித்தாள். மாட்டினாள். முதலில் ஒரு வெற்றுக் கேட்ரிட்ஜைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. ஓனர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மில் டேப்பைப் போடுவதற்கு முன் கிளார்க் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதில் மில்லின் பகுதிவாரியாக ஐந்து பட்டியல்கள் இருந்தன: ஸ்பின்னிங், கார்டிங், ரீலிங், ஆபீசும் வாட்ச்மேன்களும் சேர்ந்து ஒன்று, புளோரூம். எதை முதலில் எடுக்கட்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். கிளார்க் நைனாவைப் பார்த்தார். உங்க பொண்ணு செய்த வேலை, உங்க புளோரூமையே முதல்ல எடுத்துக்கலாம்ணா என்றார்.

நைனா வேண்டாம் என்றார். "எம்பொண்ணு ரிப்பேர் பண்ண மிஷின்ல எம்பேரு மொதல்ல வந்துதுன்னா நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவான். கடைசில வரட்டும். எங்க ஓடிப்பூடுது?"

கேட்ரிட்ஜின் உள்ளே டேப் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும், அங்கே நின்று திரும்பி இந்த முனைக்கு வரும், இப்படிப் போய் வந்துகொண்டே இருக்கும். முனை வந்துவிட்டது என்று மிஷினுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். முனைக்குக் கொஞ்சம் முன்னால் டேப்பில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் இருக்கின்றன, ஒரு சின்ன விளக்கின் வெளிச்சம் அந்த ஓட்டை வழியாக ஒரு கண்ணாடிக் கண்ணில் விழுந்தால் மிஷின் நின்றுவிடும் என்று காட்டினாள். விழாவிட்டால்? விழும் அக்கா என்றாள். நான் எதையும் இரண்டு தடவை கேட்கிற ஆள். அன்று ஏனோ மறுபடி கேட்கவில்லை.

ஸ்பின்னிங் வந்தது. பிரிண்டர் கிரீச் கிரீச்சென்று ஒவ்வொரு வரியாக அடித்துத் தள்ள, கிளார்க் டோக்கன் நம்பரையும் பெயரையும் வாய்விட்டு வாசித்தார். செத்துப்போனவர்களின் பெயரும் வந்தது. மிஷினில் விரலை விட்டுக்கொண்டவன், நகரியில் பவர்லூமுக்குப் போனவன், திருப்பூர் போய்த் தொலைந்தவன், எல்லாரும் வரிசையாக வந்தார்கள். கார்டிங் வந்தது. நைனா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஞாபகம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து வருஷமாகியிருந்தது.

ரீலிங் பாதி ஓடும்போது நான் குனிந்து டிரைவின் வாயைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியாது எனக்கு. உருளை நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில், ரப்பரும் இரும்பும் சேருகிற இடத்தில், ஒரு வெள்ளை வளையம் இருந்தது. அச்சு சூடேறச் சூடேற உள்ளேயிருந்து பவுடர் கசிந்துகொண்டிருந்தது. உருளைக்குக் கீழே தகட்டில் மாவு சிந்தியதுபோல இருந்தது. பக்கத்தில் அந்தச் சின்னக் கண்ணாடிக் கண். அதன்மேலும் லேசாக, மூச்சுப் பட்டதுபோல.

நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. ஏன் என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். நிறுத்தினால் மறுபடி ஓடாமல் போகுமோ என்று பயந்தேன் என்பது ஒன்று. ஓனர் சிரித்தது ஞாபகம் வந்தது என்பது ஒன்று. ஆனால் உண்மையில் எனக்கு என் பயத்தின்மேலேயே நம்பிக்கை இல்லாமல் போயிருந்தது. ஆயிரம் தடவை பயந்து ஆயிரம் தடவையும் ஒன்றும் ஆகாதவள் நான். பூட்டாத ஷட்டர் என்று ஓடிப்போய்ப் பார்த்தால் பூட்டித்தான் இருக்கும். இதுவும் அந்த மாதிரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நிமிர்ந்தேன். நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ரீலிங் முடிந்தது. ஆபீஸ் பட்டியலும் வந்து முடிந்தது. இனிமேல் நம்மாளுங்க என்று நைனா எழுந்து பிரிண்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அந்தப் பெண் விசையைத் தட்டினாள். டேப் ஓடியது. முனைக்குப் போய்த் திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு க்ளிக் கேட்கும். அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அது கேட்கவில்லை. அதற்குப் பதில் சத்தம் ஏறிக்கொண்டே போனது. பிறகு சீட்டுக்கட்டை விரலால் தள்ளியதுபோல ஒரு படபடப்பு. பிறகு மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றியது.

அந்தப் பெண் பாய்ந்து மெயின் சுவிட்சை அணைத்தாள். கேட்ரிட்ஜை வெளியே எடுத்தபோது பிளாஸ்டிக் வழியாக எல்லாருக்கும் தெரிந்தது. டேப் முழுக்க ஒரு பக்கச் சுருளில் இருந்தது. இன்னொரு பக்கம் காலி. முனையைக் காணாமல் மிஷின் கடைசி வரை இழுத்து, சுருளிலிருந்தே பிய்த்துவிட்டது. அவள் ஸ்குரூவைக் கழற்றிக் கையாலேயே சுற்றி மாட்டப் பார்த்தாள். உள்ளே இருந்த ரப்பர் பட்டை அறுந்து அவள் கையில் வந்தது. டேப் கசங்கி ஓரிடத்தில் மடிந்து, அந்த மடிப்பிலேயே விட்டுப்போனது. "அய்யோ தேவுடா" என்று அவள் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள், தான்தான் ஏதோ தப்பாகத் தட்டிவிட்டதாக நினைத்து. ஓனர் அவளைத் தேற்றினார். பழைய மிஷின், பழைய டேப், நாலு பட்டியல் வந்ததே பெரிசு என்றார். கிளார்க் அந்த நாலு பட்டியலையும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நைனா மட்டும் டிரைவின் அருகே குனிந்தார். அந்தக் கண்ணாடிக் கண்ணை ஒற்றை விரலால் வழித்தார். விரலில் வந்ததைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். பத்தொன்பது வருஷம் பஞ்சுத் தூசியைத் தேய்த்துத் தேய்த்து இது எந்த ஊர்ப் பஞ்சு என்று சொன்ன விரல்கள் அவை. விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டார். டிரைவின் உள்ளேயும் துண்டு நுனியால் ஒரு துடை துடைத்துவிட்டு மூடியை எடுத்து மூடினார்.

திரும்பும் வண்டி பாகாலா ஜங்ஷனில் வெகுநேரம் நின்றது. கிளார்க் டீ குடிக்க இறங்கிப் போனார். நைனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"டப்பாவ அங்கயே வுட்டுட்டியா?"

"இல்ல நைனா. பையில கீது."

"யாருக்கும் காட்டாத."

அவ்வளவுதான். வண்டி கிளம்பும்போது பையைத் திறந்து டப்பாவை ஜன்னல் வழியாகப் போடலாமா என்று பார்த்தேன். கிளார்க் ஏறி வந்துவிட்டார்.

அன்று ராத்திரியே கிளார்க் பஸ் ஏறியதில், திங்கட்கிழமை நாலு பட்டியல்களும் ஐதராபாத் போய்ச் சேர்ந்தன. ஏற்றுக்கொண்டார்கள். ஒன்றரை வருஷத்தில் அந்த நாலு பகுதி ஆட்களுக்கும் செக் வந்தது. என் கடைக்கு வந்து இனிப்பு கொடுத்துவிட்டுப் போனார்கள். நீ இல்லைன்னா இது இல்லைம்மா என்று ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அந்த மைசூர்பாகை அவர் எதிரிலேயே தின்ன வேண்டியிருந்தது.

புளோரூம் ஆட்கள் இருபத்தாறு பேர், நைனாவையும் சேர்த்து. அவர்கள் மனுவில் ஆதாரமில்லை என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். நைனா மூன்று தடவை அவர்களுக்காக ஐதராபாத் போனார், இருமிக்கொண்டே. இருபத்தைந்து பேரும் மாறி மாறி எங்கள் வீட்டுக்கு வந்து என்ன ஆச்சு என்று கேட்பார்கள். மிஷின் பழசுப்பா, நம்ம நேரம் என்பார் நைனா, என் முகத்தைப் பார்க்காமல். அவருடைய நல்ல குணத்தால்தான் தங்கள் பட்டியல் கடைசிக்குப் போனது என்று அவர்களில் ஒருவருக்கு மட்டும் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தையும் அவரே வாங்கிக்கொண்டார். நைனா கண்ணை மூடிய அன்று அந்த ஆள் வரவில்லை.

மில் இருந்த இடத்தில் இப்போது பிளாட் போட்டுவிட்டார்கள். கேசட்டும் போய்விட்டது. வீட்டுக்காரர் ஒருவழியாகத் திரும்பி வந்து, கடையைச் செல்போன் கடையாக மாற்றியிருக்கிறார். ஷட்டரை இப்போதும் நான்தான் பூட்டுகிறேன், எத்தனை தடவை என்று எண்ணுவதில்லை. பவுடர் டப்பா மேல் அலமாரியில் இருக்கிறது. அதற்கடியில் கிளார்க் தன் ஞாபகத்திலிருந்து எழுதிக் கொடுத்த ஒரு தாள் இருக்கிறது. ஸ்பின்னிங் பட்டியலில் மிஞ்சிய வெற்றுத்தாளில், பென்சிலால், புளோரூம் ஆட்களில் யார் யாருக்கு எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று வரிசையாகப் போட்ட கணக்கு. யாருக்கும் ஒரு ரூபாய் வரவில்லை. அதில் நைனாவின் வரியில் முப்பத்துநாலாயிரத்து அறுநூற்று ஐம்பது. இருபத்தாறு வரிகளையும் கூட்டினால் எட்டு லட்சத்துப் பதினாலாயிரத்து இருநூறு ரூபாய்.